பிறேக்கில் இருந்த கால்

பதியுதீனின் வலது கால் ஒன்றரை வருடமாகப் பிறேக் அடித்துக்கொண்டிருந்தது. லொறியில் அல்ல, லொறியை விட்டே அவ்வளவு காலமாகிவிட்டது. சாப்பிடக் கதிரையில் இருந்தால் அடிக்கும். முடி வெட்ட இருந்தாலும் அடிக்கும். சலூன்காரர் பாறூக் ஒருநாள், பயப்படாதீங்க பதியுதீன் நானா, என்ட கடை எங்கேயும் ஓடாது என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பதியுதீனும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

பாலாவியில் உப்பு மூட்டை ஏற்றி இருபத்தாறு வருடம் லொறி ஓட்டிய மனிதர். ஒரு விடியற்காலை, குருநாகல் ரோட்டில், ஒடுங்கிய ஒழுங்கைச் சந்தொன்றிலிருந்து சைக்கிளில் குறுக்கே வந்த கிழவர் ஒருவர் அவருடைய லொறியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனார். பதியுதீன் மேல் பிழை இல்லை என்று பொலிஸும் சொன்னது, கோர்ட்டும் சொன்னது. சொல்லி என்ன? அவர் அதை ஏற்றுக்கொண்டால்தானே. பிறேக்கைப் பிந்தி அடித்த சனியன் என்று அந்த வலது காலைத் திட்டுவார். செருப்பைக் கழற்றி அதற்கே இரண்டு போட்ட நாளும் உண்டு. தடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஆறு வருடம். ஒரே மகள் ஷம்லா கல்யாணம் முடித்துக் குருநாகலில் இருக்கிறாள்.

அவளுக்குப் பிள்ளை பிறந்து நான்கு மாதம். எப்ப வாறீங்க வாப்பா என்று சனிக்குச் சனி கேட்பாள். தடிமன், இருமல், மழை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்புவார். பஸ் படியில் கால் வைத்தாலே நெஞ்சு அடைத்து வேர்த்துக் கொட்டுகிறது என்பதை எந்த வாப்பா மகளிடம் சொல்வார்? பேரப்பிள்ளையை ஃபோனில் பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தனியே இருந்து அழுவார்.

காலின் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அவரை மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். எனக்கென்ன பைத்தியமா என்ற கோபத்தோடுதான் போனார். அங்கே ஆலோசனை சொல்லும் சுஜாந்தி மிஸ் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, மூச்சை மெல்ல விடச் சொன்னார். இதற்கா இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தேன் என்று பதியுதீனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் போனார். ஒரு கிழமை முழுதும் அவரோடு இருந்து கதைக்க வேறு ஆள் இல்லை.

ஐந்தாவது தடவை மிஸ், அன்றைக்கு அந்தக் கால் என்ன செய்தது என்று கேட்டார்.

"பிறேக் அடிச்சது."

"எப்ப நானா?"

"அவரக் கண்ட உடன."

"அப்ப பிந்தினது எது?"

வேறொரு டிரைவர் வந்து இதே கதையைச் சொன்னால் அவரையும் செருப்பால் அடிப்பீங்களா என்று மிஸ் கேட்டார். சே, அவர் பாவம் என்றார் பதியுதீன். சொன்னது தன் காதிலேயே விழ, அவர் கண் வலது காலுக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை குருநாகல் பஸ்ஸில் ஏறினார். அந்தக் கிழவர் வந்த ஒழுங்கை கண்ணில் படும் முன்பே காலுக்குத் தெரிந்துவிட்டது. தரையை அழுத்திக்கொண்டு நின்றது. சட்டை நனைந்தது. இறங்கிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, மூச்சை மெல்ல விட்டார்.

"நீ பிந்தல்ல," என்றார். "கண்ட உடன அடிச்சாய். பாவம் நீ."

கால் விடவில்லை. ஒழுங்கை மட்டும் பின்னால் போய்விட்டது. கண்ணைத் துடைக்கும்போது ஃபோன் அடித்தது. இன்றைக்கு என்ன சாட்டுச் சொல்லித் தப்பப் போகிறாரோ என்ற குரலில் ஷம்லா, எங்க வாப்பா இருக்கிறீங்க என்று கேட்டாள்.

"பஸ்ஸில மகள்," என்றார்.