நூர்ஜஹான் போட்ட சிவப்புக் கோடு

விளாங்குடி சிக்னலில் நின்றிருந்தபோது போன் வந்தது. நூர்ஜஹானின் கணவர் பேசினார். “நூரு மவுத்தாயிருச்சுண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சு, அம்புட்டுதான், உசுரு போயிருச்சு.” பின்னால் ஹாரன் அடித்தவனைத் திட்டிவிட்டேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்!

எங்கள் பட்டறைக்கு வந்துபோனவர்களுக்கு நூருவைத் தெரியும். சிறிய விமானங்களுக்கு எடை குறைந்த, விலை மலிவான அலுமினிய இறக்கை செய்வது எங்கள் வேலை. வடிவமைப்பு அவர், தயாரிப்பு நான். வந்த அன்றைக்கே நான் செய்த இறக்கையைத் தட்டிப் பார்த்து, “இம்புட்டு ரிவெட்டா? இது றெக்கையாண்ணே, சல்லடையா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துண்டுகளை ரிவெட் ஆணியடித்து இணைப்பதற்குப் பதில் ஒரே தகட்டை மடித்து உள்கூடு செய்யலாம் என்று டீக்கடைக் காகிதத்தை மடித்துக் காட்டினார். அந்தக் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இறக்கையைத் தலைகீழாகக் கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கி, உடையும்வரை சோதிப்போம். அன்று வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பது வழக்கம். “றெக்கை உடையக் கூடாதுன்னு வேண்டாதீங்கப்பா. தாங்க வேண்டியதத் தாங்கிட்டு உடையணும். உடையவே இல்லைன்னா, தேவைக்கு மேல கனம் வச்சுட்டோம்னு அர்த்தம்,” என்பார் நூரு. அப்படியே, “பூசணிய அள்ளிருங்க, எவனாச்சும் வழுக்கி விழுவான்,” என்று விரட்டுவார்.

மடித்த தகட்டில் செய்த முதல் முழு இறக்கை தயாரானது. குறித்த சுமைக்கு முன்பே உடைந்தால் வாங்க வந்தவர்கள் விலகிவிடுவார்கள். நூருவின் இத்தனை வருட உழைப்பும் காயலான் கடைக்குப் போகும். உடையும் இடம் இதுதான் என்று இறக்கையின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். விமானத்தோடு சேரும் அடியில்தான் உடையும் என்றேன் நான். “பாப்போம்ணே. தோத்தா கறி தோசை உங்க செலவு.” அதுதான் கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்த மறுவாரம் சோதனை. பூசணிக்காயை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. நானே உடைத்தேன், நானே அள்ளினேன். குறித்த சுமையை இறக்கை தாங்கிவிட்டது. வாங்க வந்தவர்கள் கைகுலுக்கி, போதும் என்றார்கள். “நூருவுக்குப் போதாது,” என்று அடுத்த மூட்டையை ஏற்றச் சொன்னேன். இன்னும் சில மூட்டைகள். உடைந்தது. சிவப்புக் கோட்டிலேயே உடைந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதேன், வெட்கமாக இல்லை.

எதைச் செய்தாலும், அது எங்கே உடையும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது இனி என் பழக்கம். அது நூரு தந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பிடித்த பாய் கடையில் கறி தோசை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பொட்டலத்தை நீட்டினேன். கணவர் பிரித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “கோட்டுலதான் உடைஞ்சுச்சாண்ணே?” என்றார்.