பாக்கியவதியோட நகவெட்டி

மராட்டிச் சீமையில நாங்க தமிழாளுங்க இருக்க கோர்ப்படி பூரா ஒரே பேச்சு. தையல் டீச்சர் பாக்கியவதி, கால் வெளங்காத ஒரு பட்டாளத்தானக் கட்டிக்கிடப் போறாளாம். டப்பாவுல கோழிக்கொழம்பு போகுதாம், ஜன்னலோரக் கட்டில்ல உக்காந்து ஊட்டுதாளாம், எம்.ஜி. ரோட்டுல மோதிரத்துக்கு அளவும் குடுத்தாச்சாம். என் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவங்களே நாலு விதமாச் சொன்னாங்க. நாலையும் நான் ரசிச்சுத்தான் கேட்டேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா நடந்தது வேற. அத நான் பாத்திருக்கேன், ஏன்னா அவன் இருக்க பட்டாளத்து ஹோமுல வீல்சேர் டயருக்குக் காத்தடிக்கது நான்தான். கூலி கெடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு.

பாக்கியவதி புருசன் ஜேசுராஜ், ஹவில்தாரு. எழுபத்தொண்ணு சண்டையில போயிட்டான். ஒடம்பு வரல, ஒரு தகரப்பெட்டிதான் வந்துது. சபைப் பொம்பளைங்க அழுறதுக்குத் தயாரா சுத்தி உக்காந்திருந்தாங்க. இவ பெட்டியத் தொறந்தா, சட்டையெல்லாம் எடுத்துத் தொவைக்கப் போட்டா, "யாருக்கெல்லாம் டீ?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அன்னைக்கே பாதிப் பேருக்கு அவளப் பிடிக்காமப் போச்சு.

ரெண்டு வருசம் கழிச்சு, கிறிஸ்மசுக்கு எங்க சபை அந்த ஹோமுக்குப் போச்சு. எல்லாம் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போன பட்டாளத்துக்காரங்க. சபைச் செயலாளர் டக்ளஸ் ஆளுக்கொரு பொட்டலம் குடுத்தாரு. சீப்பு, கர்ச்சீப், கேக்குத் துண்டு. பாட்டு, ஜெபம், போட்டோ. ஷிண்டேன்னு ஒரு மராட்டிக்காரன் கட்டிலுக்கடியில இருந்த பெட்டிய இழுத்துக் காமிச்சான். உள்ள சீப்பாக் கெடக்கு. தானம் குடுக்க வாரவங்க அத்தன பேரும் சீப்புதான் கொண்டுவாராங்க போல. அவன் தலையோ சொட்டை.

"கங்வா பஸ், தாயி. நேல்கட்டர் ஆஹே கா?"ன்னான். சீப்பு போதும்க்கா, நகவெட்டி இருக்கான்னு.

எல்லாரும் சிரிச்சாங்க. பாக்கியவதி சிரிக்கல. கைப்பையில இருந்து நகவெட்டிய எடுத்து, அவன் கால்மாட்டுல ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டா.

அப்பறம் ஞாயித்துக்கெழம தோறும் சபை வேன்ல போவா. வெந்நீர்ல கால ஊறவச்சு, வெட்டி, தேச்சு, அடுத்த கட்டிலு. ஒவ்வொருத்தன் நகம் கொம்பு மாதிரி இருக்கும், எங் கடையில இருந்து சின்ன அரம் ஒண்ணு வாங்கிட்டுப் போனா. ஜன்னலோரத்துல நம்ம வேலூர்க்காரன் சந்திரமௌலி. தமிழ் பேச ஆள் கெடச்ச சந்தோசத்துல அவன் ஓயாமப் பேசுவான். இவ "ம்"ம்பா. அந்த "ம்"முலதான் ஊருக்குக் கல்யாணம் மொளச்சுது.

டக்ளஸ் காதுக்குப் போச்சு. "பட்டாளத்து விதவை, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா அந்நிய ஆம்பள காலப் புடிச்சிக்கிட்டு இருந்தா சபை பேரு என்னத்துக்காகும்?"னாரு. இனி வேன்ல ஏற வேண்டாம்னுட்டாரு. சபை கூட வராத வெளியாள ஹோமுக்குள்ள விடமாட்டாங்க. பள்ளிக்கூடம், வீடு, அந்த ஸ்டூலு, இம்புட்டுதான் அவ. அதுல ஒண்ணு போச்சு.

வேன் போறத எங் கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

"போயி ரெண்டு வார்த்த கேளேன், பாக்கியவதி"ன்னேன்.

"என்னன்னு கேக்க? அங்க போனாத்தான் அண்ணாச்சி, கை என்னமோ செய்யுது. வீட்டுல சும்மா கெடக்கு." அதையும் கடையில சாமான் கேக்க மாதிரிதான் சொன்னா.

ரெண்டு மாசம் போச்சு. சந்திரமௌலி சேருக்குக் காத்தடிக்கக் குனிஞ்சேன், கெட்ட வாடை. "சாக்ஸு ஈரமா இருக்கேப்பா"ன்னேன். "டீ கொட்டியிருக்கும்"னான். கழட்டிப் பாத்தா, கட்டைவெரல் நகம் சதைக்குள்ள எறங்கி, வெரலே கறுத்துக் கெடக்கு. அவன் எங்கிட்ட கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கிட்டிருக்கான். வலிச்சாத்தான தெரியும். வெரல எடுத்துட்டாங்க. எடுக்கப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்தானாம்.

ஹோம் டாக்டரம்மா டக்ளசக் கூப்பிட்டு, "சீப்பெல்லாம் போதும், அந்த நகம் வெட்டுத அம்மா எங்க?"ன்னு கேட்டுட்டாங்க. மறுநா சாயங்காலம் அவரு என்னையும் இழுத்துக்கிட்டு பாக்கியவதி வீட்டுக்குப் போனாரு. வெரல் போன கதையச் சொன்னாரு.

"எந்தக் காலு?"ன்னா.

"இடது"ன்னேன்.

டக்ளஸ் தொண்டையக் கனச்சாரு. "வார ஞாயித்துக்கெழமயில இருந்து வேன்ல வந்துரும்மா. ஒண்ணே ஒண்ணு, அந்த ஜன்னலோரக் கட்டிலு மட்டும் வேண்டாம். அவன் மொகத்துல நீ மயங்கிட்டதா ஊரே பேசுது."

"அந்தக் கட்டிலுகிட்டதான் மொதல்ல ஸ்டூலப் போடுவேன்"னா. "அவரு மொகம் கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது அண்ணாச்சி. மீசை உண்டா இல்லையா, அதுவும் தெரியாது. நான் பாக்கது கால. கல்யாணமும் இல்ல, கோழிக்கொழம்பும் இல்ல. டப்பாவுல இருந்தது சோப்பும் உப்பும். நகம் வளருது, வெட்டுதேன்."