ஆப்பிரிக்காப் படத்துக்கு வலங்கைமானில் கதை சொன்னேன்

இங்கிலீஷ் படத்துக்கு மைக்கில் தமிழ்க் கதை சொல்லும் வேலையில், படம் நன்றாக இருந்தால் பேர் படத்துக்கு, இல்லாவிட்டால் திட்டு நமக்கு. எவனோ செய்த சாமானுக்குக் கடை வாசலில் நின்று வசவு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

கழக ஆட்சி வந்த புதிது. வலங்கைமானுக்கு வெளியே ஒரு மிராசுதாரின் திடலில் எங்கள் டூரிங் கொட்டகை. மிஷன் பள்ளியில் நான் படித்த இங்கிலீஷை நம்பி, முதலாளி என்னைத் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார வைத்திருந்தார். தை மாதம். கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாளை எடுப்போம் என்று அறுவடை ஆட்கள் சொல்லிவிட்டார்கள். மிராசுதார் முடியாது என்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து வந்து இறங்கியது ஓர் ஆப்பிரிக்காப் படம். புதையல் தேடி ஒரு வெள்ளைக்காரன் காட்டுக்குள் போவான். பின்னால் வரிசையாகச் சுமையாட்கள், தலையில் பெட்டியோடு.

சிங்கம்

போஸ்டரில் சிங்கம் ஆளுயரத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. படத்திலோ அது கடைசி ரீலில்தான் வரும். வந்தும் என்ன, தூரத்தில் ஒரு மரத்தடியில் படுத்துக் கொட்டாவி விடும், அவ்வளவுதான். படம் எடுத்தவன் சீமையில் இருக்கிறான், போஸ்டர் அடித்தவன் மெட்ராஸில் இருக்கிறான், கைக்கு அகப்பட்டவன் நான். முதல் இடைவேளையிலேயே தரை டிக்கெட்டிலிருந்து மணல் என் தலைமேல் வந்து விழுந்தது. கூடவே ஒரு குரல்:

"ஏன்யா, சிங்கத்த உள்ள கட்டிப்போட்டுட்டு நீயே கத்திக்கிட்டு இருக்க? அத அவுத்து வுடுய்யா!"

உச்சவரம்பு

கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. வெள்ளைக்காரன் மேட்டில் நின்று கையை வீசி, இதெல்லாம் என் நிலம் என்பான். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன், அது ஒரு குற்றமா? பின்னால் நாற்காலியில் இருந்த மிராசுதாரின் காரியஸ்தர் என்னைப் பார்த்து முறைத்தார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அவர்கள் வீட்டு நிலத்தில் பாதி சமையல்காரர் பேரில் எழுதப்பட்டிருந்தது. அது ஊருக்கே தெரியும். அந்த வசனத்தை நானா எழுதினேன்? அவர் முறைக்க வேண்டிய ஆள் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அவர்தான் கேட்டார்:

"அந்த ஊர்ல உச்சவரம்பு கெடையாதாங்க? இல்ல, அவனும் சமையக்காரன் பேர்லதான் எழுதி வச்சிருக்கானா?"

போனவன் பேர்

சுமையாட்கள் ஆற்றைக் கடக்கும் காட்சி. குடமுருட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் நாற்று முடி சுமந்து போன பெண்கள் தரையில் இருந்தார்கள். "பாத்து, பாத்து, காலை ஊனி வையி" என்று திரைக்குப் புத்தி சொன்னார்கள். முதலை ஒருவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த நிமிஷமே கூடாரம். வெள்ளைக்காரன் காபி குடிக்கிறான். "மறுநாள் காலை..." என்று நான் ஆரம்பித்தபோது பாக்கியம் எழுந்து நின்றார். நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர் அவர். அவருடைய நிழல் திரை முழுக்க விழுந்தது. "தம்பி, போனவன் பேரு என்ன?"

படத்தில் சொல்லவில்லை என்றேன். சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளைக்காரனின் நாய்க்குப் பேர் உண்டு, வாய்க்கு வாய் அதைக் கூப்பிடுவான். நாற்காலிப் பக்கமிருந்து உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். பாக்கியம் உட்காரவில்லை.

"நாய்க்குப் பேரு வச்சவனுக்கு, பொட்டி தூக்குனவனுக்குப் பேரு வைக்க நோவுதா?"

மன்னிப்பு

அதற்கடுத்த காட்சியில் சுமையாட்கள் பெட்டிகளை இறக்கி வைத்துவிடுவார்கள். அவர்களின் தலைவன் தன் பாஷையில் நீளமாகப் பேசுவான். பிறகு எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அந்தப் பாஷை வெள்ளைக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் கண் இருக்கிறதே. "கூட வந்தவன் செத்துட்டான், இனிமே தூக்க மாட்டோம்ங்கறாங்க" என்றேன். தரை முழுக்கக் கைதட்டல்.

மறுநாள் காலையில் காரியஸ்தர் வந்து நின்றார். அன்றைய ஆட்டத்துக்கு மிராசுதாரே வருகிறாராம். அந்த ஆட்கள் "தப்புதான் எஜமான், மன்னிச்சுக்குங்க" என்று கேட்பதாக நான் சொல்ல வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவன் அவர்களுடைய ஆள், மன்னிப்பும் அவர்களே கேட்க வேண்டுமா? "முதுகைக் காட்டிக்கிட்டுப் போறவன் எப்படிங்க மன்னிப்புக் கேப்பான்?" என்றேன். அதற்கு அவர் சொன்னது:

"போறவன் வாய யாரு பாத்தா? கொட்டகை நிக்கிறது அய்யா திடல்ல. அத மட்டும் ஞாபகம் வச்சுக்க."

மைக்

முதல் ஆட்டம். மிராசுதார் நாற்காலியில். முதலாளி என் பக்கத்திலேயே நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காட்சி வந்தது. திரையில் சுமையாட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். நானும் மைக்கை மணலில் இறக்கி வைத்துவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள்; ஆத்திரத்தில் வாய் வரவில்லை. முதலாளி காலால் என்னை இடித்தார். நான் அசையவில்லை. திரையில் தலைவன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

அப்போது தரையிலிருந்து, அன்றும் வந்திருந்த பாக்கியத்தின் குரல் எழுந்தது. "ஒருத்தன முதலைக்குக் குடுத்துட்டோம். அவன் பொண்டாட்டி புள்ளைக்கு வழி பண்ணு. எங்க கூலிய ஒசத்து. அப்பறம் வந்து பொட்டியத் தூக்கச் சொல்லு!" திரையில் தலைவன் சரியாக அந்த நேரம் கையை ஓங்கி உதறினான். கொட்டகை கிடுகிடுத்தது. மிராசுதார் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே காரியஸ்தர் குடையோடு ஓடினார். முதலாளி மணலில் கிடந்த மைக்கை எடுத்துத் தட்டி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"நாளைலேருந்து சாமிப் படம். நீ வாசல்ல நின்னு டிக்கெட்டக் கிழி. சாமியெல்லாம் தமிழ்லதான் பேசும்."

அத்தனை நாள் தொண்டை கிழியக் கதை சொன்ன என்னை அந்தப் பக்கம் இன்றும் யாராவது ஞாபகம் வைத்திருந்தால், அது நான் வாயைத் திறக்காத அந்த ஒரு காட்சிக்காகத்தான்.