மாமாவின் மூச்சும் என் காகிதப் பையும்

நுரையீரல் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. உடம்பு முழுக்க ஒரு சட்டம், அதற்கு மட்டும் வேறு சட்டம். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அக்கா புருஷனை நான் கொல்லப் பார்த்திருக்க மாட்டேன்.

முதலில் என் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை எனக்கு. ஐம்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்து போகிற கல்யாண வீட்டாரைக்கூடச் சிரிக்க வைத்துத் திரும்ப உட்கார வைப்பேன். அப்படிப்பட்டவனுக்கு, ஒரு முகூர்த்த நாள் நெரிசலில், மூச்சு போதவில்லை என்று தோன்றியது. வேகமாக இழுத்தேன். போதவில்லை. இன்னும் வேகமாக இழுத்தேன். உதடு மரத்தது, தலை சுற்றியது, விரல்கள் தாமாக மடங்கி விறைத்துக்கொண்டன. சரி, செத்தோம் என்று முடிவு செய்து, விரித்து வைத்த புடவைகள் மேலேயே சாய்ந்தேன். “என் சைக்கிளை மச்சினனுக்கு மட்டும் கொடுத்துடாதீங்கபா” என்று மரண வாக்குமூலமும் கொடுத்தேன். முதலாளியோ என் அடியிலிருந்து புடவையை உருவுவதிலேயே குறியாக இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பதறவே இல்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. கூட வந்தவன் கையிலிருந்த எங்கள் கடைக் காகிதப் பையை வாங்கி, என் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, “இதுக்குள்ளயே மெதுவா மூச்சு விடு” என்றார். சற்று நேரத்தில் விரல்கள் நிமிர்ந்துவிட்டன. பயத்தில் கண்டபடி மூச்சு விட்டு, உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயுவை எல்லாம் வெளியே ஊதித் தள்ளிவிட்டேனாம். விட்ட மூச்சையே திரும்ப இழுத்ததும் அது ஓரளவு திரும்பி வந்ததாம். அவ்வளவுதான் வியாதி. அன்றிலிருந்து மடித்த காகிதப் பை ஒன்று என் சட்டைப் பையில் குடியேறியது. நானும் பாதி டாக்டர் ஆனேன்.

மாமா, அதாவது அக்கா புருஷன், சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். இருபது வருஷமாக விறகுப் புகை, கொதிக்கிற தொட்டி, ஆசிட் நெடி. நூல் மேல் தூசி விழும் என்று பட்டறை முதலாளி ஜன்னல்களைத் திறக்க விடமாட்டார். மாமாவுக்கு ஓயாத இருமல். சாயங்காலமானால் கால் வீங்கும். கேட்டால், “நிக்கற வேலைபா, வீங்காம இன்னா பண்ணும்?” என்பார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, அடுத்த வீட்டிலிருந்து அக்கா கத்தினாள்.

“டேய், மாமாவுக்கு மூச்சு வாங்குதுடா! போய் ரிக்‌ஷா கூட்டினு வாடா!”

நான் ரிக்‌ஷாவைத் தேடவில்லை. சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு போனேன்.

“ஆஸ்பத்திரி எதுக்குக்கா? வைத்தியம் என்கிட்டயே இருக்குது. மாமா, பயப்படாதீங்க. எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு.”

கட்டிலில் உட்கார்ந்து முன்னால் குனிந்திருந்த மாமா, நான் விரித்த பையில் எங்கள் கடைப் பெயரைப் பார்த்துவிட்டு, மூச்சுக்கு மூச்சு ஒவ்வொரு சொல்லாக, “எனக்கு... புடவை... வேணாம்பா” என்றார். ஆனாலும் என்னை நம்பி முகத்தைக் கொடுத்தார்.

பையை இறுக்கிப் பிடித்தேன். அவர் தள்ளினார். “கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா” என்று இன்னும் இறுக்கினேன். என் மணிக்கட்டைப் பிராண்டினார். உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்தது. பிறகு பிராண்டுவது நின்றது, கண் சொருகியது.

“பாத்தியாக்கா, அமைதியாயிட்டாரு.”

அக்கா விட்ட அறையில் பை ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன்.

“அமைதியாடா பாவி? ஆளு போய்க்கினு இருக்காருடா!”

ரிக்‌ஷாவில் மாமாவை மடியில் சாய்த்துக்கொண்டு போன அந்த வழி முழுக்க நான் ஒரு தமாஷும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜனை அளவாக வைத்தார்கள். அதன் பிறகே டாக்டரம்மா வெளியே வந்து, பை வைத்தது யார் என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

“நீங்கதானே எனக்கு வெச்சீங்க?”

“உனக்கு வெச்சேன். உனக்கு அந்த வாயு கொறைஞ்சு போச்சு. அவருக்கு அது வெளியே போக வழியில்லாம ஏற்கெனவே தேங்கிக் கிடக்கு. தேங்கினா ரத்தத்துல அமிலம் ஏறும். ரெண்டும் சேர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை இறுக்கும். நல்ல காத்தும் இல்லன்னா இன்னும் இறுகும். இதயம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி ஓஞ்சு போகும். அவர் கால் ஏன் வீங்குதுன்னு நெனச்சே?”

“உடம்பு பூரா இறுகுமா?”

“இல்ல. மூளையில அதே வாயு ஏறினா குழாய் விரியும். நுரையீரல்ல சுருங்கும்.”

“இது இன்னா நியாயம் டாக்டரம்மா?”

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை என் கடைக் கணக்கில் இப்படிப் புரிந்துகொண்டேன். கெட்டிக்கார முதலாளி, ஆள் வராத பக்கத்தை மூடிவிட்டு, ஆள் வருகிற பக்கத்துக்கு வேலைக்காரர்களை அனுப்புவார். நுரையீரலும் அப்படித்தான்: காற்றோட்டம் கெட்ட மூலைக்கு ரத்தத்தைக் குறைத்து, நல்ல மூலைக்குத் திருப்புகிறது. ஆனால் எல்லா மூலையும் கெட்டுப்போனால்? எல்லாக் கதவையும் சாத்திக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமாம்! மாமாவின் உயிர் வாசலில் நின்று இடிபட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மாமா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அன்றைக்குத்தான் சாயப்பட்டறை முதலாளி ஆள் அனுப்பினார். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்க அல்ல. அரக்கு நிறத்துக்கு அவர் போடும் சாய அளவு என்ன என்று கேட்டு வர.

நேராகப் பட்டறைக்குப் போனேன். சாத்திய ஜன்னல்களுக்குள் புகையும் நெடியும் கண்ணைக் கரித்தன.

“ஜன்னலைத் திறங்கய்யா!”

“நூல் மேல தூசி விழும்பா.”

“அவர் நெஞ்சுல விழுந்ததுக்கு இன்னா சொல்றீங்க?”

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கத்தக் கத்த மூச்சு வேகமெடுத்தது, உதடு மரத்தது, விரல்கள் மடங்கின. ஒரு மனிதனை விரல் நீட்டித் திட்டக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மடங்கிய கையையே அவர் மூக்குக்கு நேராக ஆட்டி, வாய் குழறத் திட்டினேன். இவன் இங்கேயே விழுந்து செத்துத் தொலைப்பானோ என்ற பயத்தில் அவரே ஓடிப்போய் ஒரு ஜன்னலைத் திறந்தார்.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். தொட்டிப் பக்கம் இனி போகக்கூடாது என்று டாக்டரம்மாவின் கட்டளை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். அக்கா என்னிடம் பேச ஒரு மாதம் ஆயிற்று. அந்தப் பட்டறையில் இன்னும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நான்கு ஜன்னலில் திறந்திருப்பது அந்த ஒன்றுதான்.