அமைதிச் சீட்டு

நாளைக் காலை முதல் மாலை வரை மின்சாரம் இராது என்னும் அறிவிப்பு இன்றைய செய்தித்தாளில் வந்திருக்கிறது. எங்கள் தெருவின் பெயரும் அதில் இருக்கிறது. மாதத்திற்கு ஒருமுறை பராமரிப்புக்காக நிறுத்தும் வழக்கமான மின்தடைதான். ஆயினும் படித்த மாத்திரத்தில் என் கைகள் பரபரத்தன. எழுந்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று பார்க்கப் போனேன், போன இடத்தில் பேட்டரியே இல்லை. அதை விற்று நெடுநாளாயிற்று. திரும்பி வந்து அமர்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். "காலுல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். உட்காரத்தான் முடியவில்லை, நண்பரே. ஊரார் அனைவரும் சபிக்கும் அந்த நாளை, நானும் சவரிமுத்துவும் திருவிழாவைப்போல் எதிர்பார்த்திருந்த காலம் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடித்தால் ஒருவேளை இந்தப் பரபரப்பு அடங்கக்கூடும்.

அப்போது நான் திண்டுக்கல்லில், பேகம்பூர்ப் பக்கம், ஒரு மாடி அறையில் கணினித் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு விடுவித்துவிட்டது. ஆகையால் கணினியைப் பற்றி நான் கற்றதெல்லாம் அதைக் கழற்றிப் பார்த்துக் கற்றதே. தமிழ் எழுதக் கற்றதும் ஏறக்குறைய அவ்வாறுதான். திருமண அழைப்பிதழ்களையும் நினைவஞ்சலிகளையும் அச்சுக்குக் கோத்துக் கோத்து, பிறருடைய நடையைக் கழற்றிப் பார்த்துக் கற்றேன். என் வாக்கியங்களில் இன்றும் சிறிது பன்னீர் மணப்பதற்கு அதுவே காரணம்.

மணம் என்றதும் நினைவுக்கு வருவது, அக்காலத்துக் கணினிப் பெட்டியைத் திறந்தவுடன் எழும் வாடை. சூடேறிய புழுதியின் வாடை அது. எங்கள் பகுதியில் தோல் பதனிடும் தொட்டிகளின் நெடியும் அதனோடு சேர்ந்துகொள்ளும். பெட்டிக்குள்ளே சிறு சில்லு ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். அதன் தலைமேல் அடுக்கடுக்கான உலோகத் தகடு. தகட்டின்மேல் கையகல விசிறி. அவ்விசிறி சுழன்றால் கணினி பிழைக்கும். சுழல்கின்ற சத்தத்தில் மனிதன் சாவான். என் கடையில் இருந்த கணினிகள் ஒன்றுசேர்ந்து இரைந்தால், வாடிக்கையாளர் தம் தந்தையார் பெயரைச் சொல்வது எனக்குக் கேட்காது. 'அன்னாரது' என்ற இடத்தில் 'அண்ணாரது' விழுந்ததும் அந்த இரைச்சலால்தான் என்று நான் வாதாடியதுண்டு. எவரும் ஏற்றுக்கொண்டதில்லை.

பழுது பார்க்க வருபவர் சவரிமுத்து. பக்கத்து ஊரான அகரத்தில் நிலம் வைத்திருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மண்வெட்டி பிடித்த கையால் திருப்புளி பிடித்தவர். என்னைவிடச் சற்று இளையவர். கணினியை நேரடியாகத் திறக்க மாட்டார். முதலில் அதன் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "செத்த நேரம் மூச்சு விடாம இருங்கண்ணே, இது என்னமோ சொல்லுது" என்பார். விசிறி தேய்ந்தால் ஒரு சத்தம், புழுதி அடைத்தால் ஒரு சத்தம், திருகு தளர்ந்தால் ஒரு சத்தம் என்று எங்கள் இருவருக்கும் ஒரு பாடமே உருவாயிற்று. அந்தப் பாடத்தை நான் என் பன்னீர்த் தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கினேன். எந்த விசிறி அமைதியானது, எது வாய்ச்சவடால் மட்டும் உடையது என்பதே எழுத்தின் பொருள். இதை யார் படிப்பார் என்று நினைத்தேன். படித்தார்கள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கணக்கு வேலை செய்பவர்கள், ஒலிப்பதிவு செய்பவர்கள், சத்தம் ஆகாதவர்கள் என்று ஒரு கூட்டம் மெல்லச் சேர்ந்தது.

கூட்டம் சேர்ந்தால் வியாபாரி மோப்பம் பிடிப்பார் அல்லவா? மதுரையிலிருந்து ஒரு விசிறி நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி கழுத்துப்பட்டையோடு மாடியேறி வந்தார்.

"சார், நாலு பீஸ் அனுப்பிவிடுறோம். திருப்பித் தர வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க. நல்ல வார்த்தையா நாலு எழுதிவிடுங்க."

சவரி தலை நிமிராமலே சொன்னார்: "நல்ல வார்த்தை வேணும்னா கல்யாணப் பத்திரிகை அடிங்க தம்பி. இவர்ட்ட குடுத்தா தேன் ஒழுகும். விசிறிக்கு மட்டும் வாய் கசக்கும் இவருக்கு."

பிரதிநிதி போனபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலவசமாகப் பெற்றால் நாக்கு மழுங்கும். சொந்தச் செலவில் வாங்கினாலோ குடும்பம் மழுங்கும். அப்போது சவரிக்குத் தோன்றியதுதான் சீட்டு. எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் ஒரு சீட்டுத் தொடங்கிவிடுவது வழக்கம். நகைச் சீட்டு, பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு. அதுபோல, படிப்பவர்கள் ஆளுக்குச் சிறு தொகை போடுவது. அதில் ஒரு விசிறியை, நாங்கள் யாரென்று சொல்லாமல், கடையில் போய் எல்லாரையும்போல வாங்குவது. சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதுவது. பிறகு சீட்டுப் போட்டவர்களின் பெயர்களைக் குலுக்கி, வந்த பெயருக்கு அவ்விசிறியையே அனுப்பிவிடுவது. இதற்கு 'அமைதிச் சீட்டு' என்று நான் பெயர் சூட்டினேன். குலுக்குவதற்கு மாவு டின் கொடுத்தவர், கீழ்த்தளத்தில் மாவு மில் வைத்திருந்த காதர் பாய்.

எங்கள் இடர்ப்பாடும் அந்த மாவு மில்லேதான். மேலே விசிறியின் மூச்சைக் கேட்க வேண்டும். கீழே மிளகாய் அரைபடும். மில் ஓய்ந்தால் எதிர்ப்பட்டறையில் பூட்டுக்குத் தகடு அறுப்பார்கள். அதுவும் ஓய்ந்தால் ஏதேனும் ஒரு கோயிலில் ஒலிபெருக்கி எழும். ஊர் முழுவதும் வாய் மூடுவது மின்தடை நாளில் மட்டுமே. ஆகவே அந்த நாளே எங்கள் ஆய்வு நாளாயிற்று. பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் அவை முனகுகின்றன என்பதற்காக மாடிப்படியின் அடியில் இறக்கிவைத்து, நீண்ட ஒயரை அறைக்குள் இழுத்துக்கொள்வோம். சன்னல்களைச் சாத்துவோம். சட்டையைக் கழற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க, கண்மூடி, சுவாமிகள் இருவர்போல் அமர்ந்திருப்போம். படியில் காதர் பாய் எட்டிப் பார்ப்பார்.

"ஊரே கரண்டு இல்லேன்னு ஒப்பாரி வைக்குது. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் பெருநாளு! என் மில்லு நின்னாத்தான் ஒங்களுக்கு ஞானம் வருமாக்கும்?"

"சத்தம் போடாதீங்க பாய்" என்று சவரி கையெடுத்துக் கும்பிடுவார்.

"நான் எங்கய்யா சத்தம் போட்டேன்? மூச்சு விட்டேன். அதுக்கும் சீட்டுக் கட்டணுமா?"

இவ்வாறு பல விசிறிகள் எங்கள் காதுகளின் முன் சுழன்று தீர்ப்பைப் பெற்றுச் சென்றன. நாங்கள் குறை சொன்ன விசிறியைக் கடைக்காரர் ஒருவர் அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு ஒரு நீதிபதியின் கனம் நடையிலேயே வந்துவிட்டது. நீதிபதிக்கு இறக்கம் வரும் நாளும் வந்தது.

கறுப்பு விசிறி ஒன்று. இதழ்களின் ஓரம் ஆந்தைச் சிறகைப்போல் பல் பல்லாக இருக்கும். ஒரு மின்தடை நாளில் அதை மாட்டி ஓடவிட்டோம். சத்தத்தை அளக்க நாங்கள் வைத்திருந்த ஒலியளவுமானியின் எண், விசிறி ஓடாதபோது காட்டியதையே காட்டிற்று. சவரி நெடுநேரம் காதை வைத்திருந்தார்.

"அண்ணே, சுத்துதா?"

"கண்ணத் தொறந்து பாரப்பு."

கண்ணைத் திறந்தார், சுழன்றுகொண்டிருந்தது. நான் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. கையை நீட்டினால் காற்று மட்டும் வருகிறது. என் வாழ்வில் அவ்வளவு பரிசுத்தமான ஒரு 'ஒன்றுமில்லை'யை நான் கேட்டதில்லை. அன்றே எழுதினேன்: 'இவ்விசிறி சுழல்வதைக் கண்ணால் காணலாம், காதால் அறிய இயலாது.' என் எழுத்திலேயே அதிகம் பாராட்டப்பட்ட வாக்கியம் அது.

குலுக்கலில் வந்த பெயர் மரகதம். பழனிக்கு அப்பால் நெய்க்காரப்பட்டியில் இருப்பவர்; சீட்டுத் தொடங்கிய நாள்முதல் தவறாமல் போட்டுவந்தவர். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களைப் படித்து, வீட்டிலிருந்தே ஒலிப்பதிவு செய்து அனுப்புவது அவருடைய பிழைப்பு. பதிவில் கணினியின் இரைச்சல் கேட்கிறதென்று இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுமுறையும் கேட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று எங்களுக்கு எழுதியிருந்தார். அப்படிப்பட்டவருக்கு அந்த விசிறி போய்ச் சேர்ந்ததில், சீட்டு தொடங்கியதன் பயனையே அடைந்துவிட்டதாக நாங்கள் மகிழ்ந்தோம்.

சில நாள் கழித்துத் தொலைபேசி வந்தது.

"ஏனுங்கய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தக் காத்தாடி கத்துதுங்க."

"கத்துதா? எப்படிம்மா கத்துது?"

"காதுகிட்ட கொசு வந்தா ஒரு ரீங்காரம் வருமுங்களே, அந்த மாதிரி. மெல்லிசா, ஊசியாட்டம். பதிவு பூரா அதுதானுங்க கேக்குது. நாலு பாடம் படிச்சு முடிச்சுட்டேனுங்க. அனுப்பறதா வேண்டாமான்னு தெரியலீங்க."

நான் தொலைபேசியை வைத்தேன், எழுந்தேன், அமர்ந்தேன். வழியில் அடிபட்டிருக்கும் என்றேன். மாட்டத் தெரியாமல் மாட்டியிருப்பார் என்றார் சவரி. இரண்டையும் நாங்களே நம்பவில்லை. மறுநாள் காலையிலேயே பேருந்து ஏறினோம். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் சவரி என்னிடம் பத்து முறையாவது கேட்டிருப்பார், "அந்தப்புள்ள பொய் சொல்லுமாண்ணே?" என்று. "சொல்லாது" என்பேன். "அப்ப நாமளா?" என்பார். சன்னலுக்கு வெளியே முருங்கைத் தோட்டங்கள் ஓடின. பழனியில் பேருந்து நின்றபோது இறங்கித் தேநீர் குடிக்கவும் மனமில்லை.

மரகதத்தின் பதிவு அறை ஒரு சிறு உள்ளறை. சுவரெங்கும் பழைய போர்வைகள் தொங்கின. கணினியைப் போட்டார். நாங்கள் இருவரும் இருபுறமும் காதை நீட்டினோம். அதே பரிசுத்தமான ஒன்றுமில்லை.

"இப்ப கேக்குதாம்மா?" என்றார் சவரி.

"நல்லாக் கேக்குதுங்களே!"

நான் என் நீதிபதிக் குரலில், சந்தேகத்திற்கு இடமின்றிச் சோதித்துவிடலாம் என்றேன். மரகதம் திரும்பி நிற்க வேண்டும். சவரி விசிறியின் இணைப்பை எடுப்பார், கொடுப்பார். சத்தம் இருக்கிறதா இல்லையா என்று மரகதம் சொல்ல வேண்டும். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "இருக்குதுங்க... இல்லீங்க... இல்லீங்க... இப்ப வந்துருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒருமுறைகூடப் பிசகவில்லை. பிறகு நாங்கள் திரும்பி நின்றோம். இணைப்பு மரகதத்தின் கையில். 'இருக்கிறது' என்றேன், இல்லை. 'இல்லை' என்றார் சவரி, இருந்தது. சற்று நேரத்தில் நான் சவரியின் முகத்தையும், அவர் என் முகத்தையும் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டோம். மரகதம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வயது ஏற ஏறக் காது முழுவதும் ஒரே நாளில் சாத்திக்கொள்வதில்லையாம். ஊசி போன்ற மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் கைவிடுமாம். அளவுமானியோ மொத்தச் சத்தத்தை எண்ணாகச் சொல்லுமேயன்றி, அதற்குள் ஓடும் ஒற்றை நூலைப் பிரித்துச் சொல்லாது. இதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரூராகப் பலர் காசு போட்டு வாங்கியது விசிறியை அல்ல, எங்கள் நான்கு காதுகளை என்பதே.

"காதுதாண்ணே நம்ம கடை" என்றார் சவரி. பிறகு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பொட்டியத் தூக்கி அடுத்த ரூமுல வச்சா என்ன? ஒயரக் கதவுக்குக் கீழ விட்டுருவோம்" என்றார். வைத்தோம். மரகதம் பதிவு செய்து கேட்டார். "சுத்தமா இல்லீங்க" என்றார். அமைதியான விசிறி எதுவென்று ஊருக்கெல்லாம் உபதேசித்த எங்களுக்கு, விசிறியை எட்டி வைக்கலாம் என்பது அதுவரை தோன்றவில்லை. அந்த நான்கு பாடங்களை மறுபடியும் படித்து அனுப்பினார்; வேலை நிலைத்தது.

திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி எழுதினோம். 'செவிடர்கள் நடத்திய சங்கீத சபை' என்று ஒருவர் மறுமொழி இட்டார். சிலர் விலகினர். பலர் விலகவில்லை, ஆனால் இனி யார் காது என்று கேட்டனர். மரகதத்தையே கேட்டோம். "எனக்கு இந்தக் கருவியெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்களே" என்றார். கருவி எங்களிடம் இருக்கிறது, காது மட்டும் போதும் என்றோம்.

அதன்பின் மின்தடை நாளில் அவர் காலைப் பேருந்தில் வந்துவிடுவார். அவர் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் இருவரும் சட்டை அணிந்த நிலையில், மூச்சை அடக்கி, அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். புருவம் நெளிந்தால் விசிறி தோற்றது. காதர் பாய் மட்டும், "இப்பத்தான்யா கடை உருப்பட்டுச்சு" என்றார்.

எதுவரை நடந்தது? விசிறியே இல்லாத கணினிகள் வரும்வரை நடந்தது. ஊரில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் வந்து, மின்தடை நாளே மற்ற நாட்களைவிட இரைச்சலானது. காதர் பாயும் மில்லுக்கு ஒன்று வாங்கிவிட்டார். இன்று இணையத்தில் பொருள்களைப் புகழ்பவர்கள் எல்லாரும் அனுப்பிவைத்ததை வாங்கிக்கொண்டு புகழ்கிறார்கள். இலவசமாய்க் கிடைக்கும் சொல்லுக்கு யார் சீட்டுப் போடுவார்கள்? சீட்டை முடித்துக்கொள்ளத் தீர்மானித்த அன்று, கடைசி விசிறியைக் கேட்டுவிட்டு மரகதம் கிளம்பினார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பேருந்து ஏற்றிவிட நாங்களும் போனோம். ஊரைத் தாண்டியதும் வயல்வெளி. நிறுத்தத்தில் நின்றிருந்தபோது அவர் புன்னகையோடு சொன்னார்:

"உங்க ஊர்லயும் சில்வண்டு இப்படிக் கத்துதுங்களே! பேச முடியல பாருங்க."

வயலில் தெளிக்கும் மருந்தால் சில்வண்டு இனமே இந்தச் சமவெளியை விட்டு ஒழிந்துவிட்டது என்று, அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நீண்ட கட்டுரை ஒன்று எழுதிப் பலருடைய வருத்த மறுமொழிகளையும் பெற்றிருந்தேன்.

"எந்தப் பக்கம்மா?" என்றார் சவரி.

"எல்லாப் பக்கமுந்தானுங்க."

நாங்கள் இருவரும் வயலைப் பார்த்தோம். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

சவரி இப்போது அகரத்தோடு இருந்துவிட்டார். மழை பெய்தால் மாலையில் தொலைபேசுவார். "மழை விட்டுருச்சுண்ணே. பேரப்புள்ளைக சில்வண்டுச் சத்தம் கேக்குதுங்குதுக. இருங்க, நீட்டுறேன்" என்பார். கைபேசியை அவர் வயலை நோக்கி நீட்டிப் பிடித்திருப்பார், எனக்குத் தெரியும். நான் என்னுடையதைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, அவர் கை வலித்துத் தாமாக எடுக்கும்வரை காத்திருப்பேன்.