பத்தாம் நம்பர் ஷூ

அந்தச் செருப்புக் கடையில் அவளுக்கு ‘அளவுக்காரி’ என்று பெயர். காலைப் பார்த்த மாத்திரத்தில் நம்பர் சொல்வாள்; அளவுப் பலகையில் வைத்தால் அதுவேதான் வரும். அவள் கணவன் அதே கடையின் பின்னறையில் பழுது பார்த்து பாலிஷ் போடுபவன். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் விரல்களில் கறுப்பு போகாது.

ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. வேலை முடிந்து வந்ததும் அவன் பிடித்துவிடுவான். வயிறு மறைத்ததால் அவள் தன் பாதத்தைப் பார்த்தே நாளாகியிருந்தது. குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டைக் கண்டது அவன்தான்.

“என் கைப் பாலிஷ் ஒட்டிக்கிச்சு,” என்றான்.

“பொண்டாட்டியையும் பளபளன்னு ஆக்கப் பாக்குறீங்களா?”

ஒரு மாதம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். திட்டு போகவில்லை. ஓரம்தான் பரவியது.

“இது தோல்ல வர்ற புத்துநோய்ங்க,” என்றார் மருத்துவர். “மாசமா இருக்கும்போது பாக்குறது ரொம்ப அபூர்வம். தள்ளிப்போடாம வெட்டி எடுத்துடணும். குழந்தையப் பத்திரமாப் பாத்துக்குவோம்.”

வெளியே வந்ததும் அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். “ஒரு மாசத்தைத் துடைச்சே தொலைச்சுட்டேன்.”

“நீங்க பாக்கலைன்னா யாரு பாத்திருப்பா? வாங்க, பசிக்குது. ரெண்டு பேருக்கும்.”

ஆறாம் மாதத்தில் குதிகால் சதையை எடுத்தார்கள். பெண் குழந்தை, குறையில்லாமல் பிறந்தது. ஓராண்டு நன்றாகப் போனது. நொண்டியபடியே கடைக்கும் வந்தாள். அப்புறம் நோய் நுரையீரலில் தெரிந்தது. மருந்துகள் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தன.

ஒரு மத்தியானம், படுக்கையில் இருந்தபடியே மகளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்தாள். பக்கத்தில் போன வருடம் வரைந்த பாதக் கோடு. வெகுநேரம் கணக்குப் போட்டாள்.

“பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்குப் பிள்ளைங்க ஷூவுல பத்தாம் நம்பர். ஒரு விரல் இடம் விட்டுத்தான் சொல்றேன். இப்பவே எடுத்து வெச்சிடுங்க.”

“கடையிலதானே இருக்கேன். அப்பப் பாத்துக்கலாமே.”

“புத்தையே பாலிஷ்னு சொன்ன ஆளு நீங்க,” என்று சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கறுப்பைப் பற்றி அவன் சிரித்தது அன்றுதான்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள்.

மகளைப் பள்ளியில் சேர்க்கும் நாளன்று, அவள் சொன்னபடி எடுத்து வைத்திருந்த ஷூப் பெட்டியைத் திறந்தான். விரல்கள் நுழைந்தன, குதிகால் நுழையவில்லை.

“கடிக்குதுப்பா.”

அளவுக்காரிக்கு முதல் தடவையாகக் கணக்குத் தப்பியிருந்தது. குழந்தை அவள் நினைத்ததைவிட வளர்ந்திருந்தது. அதில் அவனுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

“வா, கடைக்குப் போய் அளவெடுப்போம்,” என்றான். கிளம்புமுன் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டான்.