குட்டி டிராக்டருக்கு ஒரு பல்பு

சின்னையா அதிர்ந்து பேசாத மனிதர். வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்கு குதிரைப் பந்தயத் திடலில் புல் வெட்டும் குட்டி டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். வந்த ஜப்பான்காரன் டிராக்டரையும் அவரையும் ஒன்றாகத் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். கிடங்குக்கும் கப்பல்துறைக்கும் நடுவே மூட்டை வண்டி இழுக்கிற வேலை. அங்கே கிடைத்த ஒரு கைப்பிடி அரிசியும், தினம் தினம் அவித்த மரவள்ளிக்கிழங்கும்தான் அவரையும் மனைவி நல்லம்மாளையும் உயிரோடு வைத்திருந்தன.

டிராக்டரோ இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. இஞ்சின் எண்ணெய்க்குப் பஞ்சம் வந்து, சமையலுக்கு ஆகும் சிவப்புச் செம்பனை எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். எண்ணெய் மீட்டரின் ஊசி கீழே இறங்கினால் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இஞ்சின் இறுகிப்போகும். அப்படி ஒரு லாரியைக் கெடுத்தவனை, ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு மண் சுமக்க ஏற்றி அனுப்பினார்கள். போனவன் போனவன்தான். நல்லம்மாள் சயாம் என்ற பேரையே வீட்டில் எடுக்க விடமாட்டாள்.

சில நாட்களாகப் பொழுது சாய்ந்தால் சின்னையாவுக்கு மீட்டர் தெரியவில்லை. மீட்டரின் கண்ணாடி பழசாகி மங்கிவிட்டது என்று நினைத்தார். வீட்டிலும் நிலைப்படியில் முட்டிக்கொண்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதில் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று நல்லம்மாளைத் திட்டினார். ஒரு சாயங்காலம் வண்டியைத் தூணில் மோதியபோது, துறைமுகத்து ஜப்பான் அதிகாரி கன்னத்தில் அறைந்தான். வலியில் சின்னையா வாயைத் திறந்துவிட்டார். மீட்டருக்கு ஒரு விளக்கு இருந்தால் இருட்டிலும் ஓட்டுவேன் என்றார். அதிகாரிக்கு அது பிடித்துப்போனது. விளக்குப் போட்டுக்கொண்டு வா, இல்லாவிட்டால் சயாம் என்று சொல்லிவிட்டான்.

சூலியா தெருவில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீனி முகம்மதுவிடம் போய் நின்றார். பழைய பழக்கம்.

“பல்பா? ஊரையே சலிச்சாலும் கெடைக்காதுலா, அண்ணே” என்றார் சீனி முகம்மது.

“கெடைக்காட்டி நான் சயாம் போயிருவேன், தம்பி. அவ தனியா என்ன பண்ணுவா?”

சீனி முகம்மது தலையைச் சொறிந்தார். வீட்டில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. ஊரில் இருந்த பெட்டிகளுக்கெல்லாம் ராணுவம் முத்திரை வைத்திருந்தது. முத்திரையை உடைத்தவன் ரகசியமாகச் செய்தி கேட்கிறவன். அவன் தலை கழுத்தில் நிற்காது. ஆனால் அந்தப் பெட்டியின் முகப்பில் எரியும் சின்னப் பல்பு டிராக்டரின் ஆறு வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும். மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் முத்திரையை உடைத்தார். இப்படிப்பட்டவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

மறுநாள் மாலை துறைமுக வாசலுக்கு வெளியே வைத்துச் சீனி முகம்மது பல்பை மாட்டினார். மேலே இருந்து விமானம் பார்த்துவிடக் கூடாது என்று பல்புக்கு நீலச் சாயம் பூசி, பால் டின் தகரத்தை வெட்டி மூடி போட்டார். பழைய சைக்கிள் விளக்கின் வயரை மீட்டருக்குப் பின்னால் இழுத்துக் கட்டினார். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

சின்னையா இருக்கையில் உட்கார்ந்து காத்திருந்தார். “போடுங்க தம்பி, பாப்போம்.”

சீனி முகம்மது குனிந்து சின்னையாவின் முகத்தைப் பார்த்தார்.

“என்ன, எரியலையா?”

“அண்ணே...” என்றார் சீனி முகம்மது. “அப்பவே போட்டுட்டேன். நல்லா எரியுது. ஊசி காட்டுற நம்பர்கூட தெரியுது.”

சின்னையா குனிந்தார். மூக்கு மீட்டரின் கண்ணாடியில் இடித்தது. கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. கையை நீட்டித் தடவினார். பல்பின் சூடு விரலில் பட்டது. கெட்டது மீட்டர் இல்லை, கண் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிழங்கைத் தின்று தின்று வந்த மாலைக்கண். இஞ்சினுக்கு ஊற்றிய அந்தச் சிவப்பு எண்ணெயில் தினம் ஒரு கரண்டி வயிற்றுக்குள் போயிருந்தாலே கண் தப்பியிருக்கும். இரும்புக்குக் கிடைத்தது மனுஷனுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

“உங்க தலைய அடமானம் வச்சு எடுத்த பல்பு, தம்பி” என்றார் சின்னையா. “எனக்குத் தெரியலையே.”

பூட்ஸ் சத்தம் வந்தது. அதிகாரி குனிந்து பார்த்துச் சிரித்தான். “லம்பு பாகுஸ்!” நல்ல விளக்கு என்று மலாயில் சொன்னான். இனிமேல் ராத்திரி முழுக்க ஓட்டு, இப்போதே ஆரம்பி என்றும் சொன்னான்.

சின்னையா குரல் வந்த பக்கமாகத் தலை குனிந்தார். “பாகுஸ், துவான்”, நல்லது ஐயா என்றார். கண் தெரியாத டிரைவருக்குத் துறைமுகத்தில் அரிசி கிடையாது. சயாமில் மண் சுமக்கக் கண் எதற்கு என்றுதான் கேட்பார்கள்.

டிராக்டர் கிளம்பியது. சீனி முகம்மது பக்கத்திலேயே ஓடினார். “ஊசி சரியா நிக்குது அண்ணே... கொஞ்சம் இடது பக்கம்... நேரா போங்க, நேரா...”

வாசலில் காவலாளி சீனி முகம்மதுவுக்குக் குறுக்கே துப்பாக்கியை நீட்டினான். கையில் துறைமுகப் பட்டை கட்டாதவன் உள்ளே போக முடியாது. அவர் குரல் பின்தங்கியதைச் சின்னையா கேட்டார். நிறுத்த முடியாது; அதிகாரி பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தான். எங்கோ முன்னால் கப்பல்துறை முடிந்து கடல் தொடங்கியது. எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியவில்லை. நல்லம்மாளின் பேரைச் சொல்லிக்கொண்டே டிராக்டரை முன்னால் ஓட்டினார்.